எம்மி நோதருக்கு ஏன் சம்பளம் தரவில்லை? அவருடைய தேற்றத்தோடு சேர்த்து ஒரு விரிவான பதில்

இயற்பியல் முதுகலை படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "நோதர் தேற்றத்தைப் பரீட்சைக்குப் படித்தாகிவிட்டது. அவர் தூய கணிதக்காரர் என்கிறார்கள். அப்படியென்றால் இயற்பியலுக்குள் எப்படி வந்தார்? பல வருஷம் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தார் என்பது உண்மையா? அவ்வளவு திறமை இருந்திருந்தால் இடம் தானாகக் கிடைத்திருக்காதா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கிடைக்கவில்லை. அன்றைக்குக் கணிதத்தின் தலைநகரம் என்றால் ஜெர்மனியின் கோட்டிங்கன்தான். அங்கே முதலிடத்தில் இருந்த இருவர், டேவிட் ஹில்பர்ட்டும் ஃபெலிக்ஸ் க்ளைனும், அவருக்காக வாதாடினார்கள். ஐன்ஸ்டைன் கடிதம் எழுதினார். அப்படியும் கிடைக்கவில்லை. நாட்டில் ஆட்சி மாறி விதி தளர்ந்தபோதுதான் கிடைத்தது. பிறகு இன்னொரு சட்டம் வந்து அதையும் பறித்தது. "திறமை இருந்தால் யாராலும் தடுக்க முடியாது" என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள் இல்லையா, அதற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை. இயக்கவியல் பாடம் நடத்துகிற ஆள் என்ற முறையில், தேற்றத்தை மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

நோதர் 1882-ல் எர்லாங்கனில் பிறந்தார். அப்பா மாக்ஸ் நோதரும் பேர்பெற்ற கணிதப் பேராசிரியர். மகள் 1900-ல் பெண்கள் பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்பிக்கத் தகுதித் தேர்வு எழுதித் தேறினார். அதோடு ஒரு வேலைக்குப் போயிருக்கலாம். ஆனால் கணித வகுப்பில் போய் உட்கார்ந்தார். 'உட்கார்ந்தார்' என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், ஏனென்றால் பெண்கள் மாணவராகச் சேர முடியாது. ஒவ்வொரு பேராசிரியரிடமும் அனுமதி வாங்கி, கேட்பவராக மட்டும் இருக்கலாம். எர்லாங்கனில் அப்போது 986 பேர் படித்தார்கள், அவர்களில் பெண்கள் இரண்டே பேர். 1904-ல் விதி மாறியதும் முறைப்படி சேர்ந்து, 1907-ல் பால் கோர்டனிடம் முனைவர் பட்டம் முடித்தார். கோர்டன் கணக்குப் போட்டே எதையும் நிறுவுகிற பழைய பள்ளிக்காரர். ஆய்வேட்டின் கடைசியில் 331 கோவைகளின் பட்டியல் இருக்கிறது, எல்லாம் கையால் போட்டவை. பின்னாளில் நோதருக்கே அந்த ஏட்டின் மேல் மரியாதை இல்லை. குப்பை என்றே சொல்லிவிட்டார்.

அதன் பிறகு 1908 முதல் 1915 வரை எர்லாங்கனில் அவருக்குப் பதவியும் கிடையாது, ஊதியமும் கிடையாது. அப்பாவுக்கு உடம்பு முடியாத நாட்களில் அவருடைய வகுப்புகளை எடுத்தார், ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். அந்த வருஷங்களில்தான் எர்ன்ஸ்ட் ஃபிஷர் என்ற கணிதவியலாளருடன் பேசிப் பேசி, நீண்ட கணக்குகளை விட்டு ஹில்பர்ட்டின் அருவமான வழிக்கு மாறினார். இந்த மாற்றம் நடக்கவில்லையென்றால் நீங்கள் பாடத்தில் படித்த தேற்றம் வந்திருக்காது.

சரி, இயற்பியலுக்குள் எப்படி வந்தார்? 1915 கோடையில் ஐன்ஸ்டைன் கோட்டிங்கனுக்கு வந்து பொதுச் சார்பியலைப் பற்றித் தொடர் சொற்பொழிவு நடத்தினார். கோட்பாடு அப்போது முழுமையாகியிருக்கவில்லை. ஹில்பர்ட் அதில் அப்படியே இறங்கிவிட்டார். அந்த நவம்பரில் ஐன்ஸ்டைனும் ஹில்பர்ட்டும் சில நாள் இடைவெளியில் தங்கள் சமன்பாடுகளை முன்வைத்தார்கள். ஆனால் ஒரு விஷயம் இடித்தது: ஆற்றல் மாறா விதி. பழைய இயற்பியலில் அந்த விதி இயக்கச் சமன்பாடுகளிலிருந்து பிறக்கும். கோள் ஒன்று உண்மையில் செல்லும் பாதையில்தான் ஆற்றல் மாறாது, நீங்களாக வரைகிற ஏதோ ஒரு பாதையில் அது பொருந்தாது. புதிய கோட்பாட்டிலோ, ஆற்றல் விதி என்று எழுதியது சமன்பாடுகளைப் பயன்படுத்தாமலேயே, வெறும் இயற்கணித முற்றொருமையாக, அதாவது எதைப் போட்டாலும் சரியாகிவிடும் சமன்பாடாக, நிறைவேறிவிடுகிறது என்று க்ளைன் கவனித்தார். எப்போதும் உண்மையாகிவிடுகிற ஒன்று எதைச் சொல்கிறது? எதையும் சொல்வதில்லை. அப்படியானால் இது இயற்பியல் விதிதானா? இதில் ஹில்பர்ட்டும் க்ளைனும் மாட்டிக்கொண்டார்கள்.

உருமாற்றத்துக்குப் பிறகும் மாறாமல் நிற்கும் கோவைகளைப் பற்றி இவர்களுக்குத் தெரிந்தவர்களில் மிகத் தேர்ந்தவர் நோதர். 1915-ல் அவரைக் கோட்டிங்கனுக்கு அழைத்ததற்குக் காரணம் இதுதான். க்ளைன் பிறகு ஹில்பர்ட்டுக்கு எழுதும்போது, நோதர் தனக்கு இடைவிடாமல் ஆலோசனை சொல்லி வருவதாகவும், அவர் வழியாகத்தான் தனக்கே இந்த விஷயங்கள் பிடிபட்டன என்றும் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். ஆக, இயற்பியலாளர்களுக்கு வந்த சிக்கலைத் தீர்க்கக் கூப்பிடப்பட்ட தூய கணிதக்காரர் அவர். வந்து, கேட்டதைவிடப் பெரியதொன்றைத் தந்தார்.

தேற்றத்தைப் பரீட்சைக்கு எழுதுகிறபடி சொன்னால்: ஒரு அமைப்பின் செயல் தொகையம் (இயக்க ஆற்றலுக்கும் நிலை ஆற்றலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காலம் நெடுகக் கூட்டினால் வருவது) ஏதேனும் ஒரு தொடர்ச்சியான உருமாற்றத்தின் கீழ் மாறாமல் இருந்தால், அந்த அமைப்பில் அதற்கு ஈடாக ஒரு மாறாத அளவு உண்டு. காலத்தை நகர்த்தினால் விதி மாறவில்லையென்றால் ஆற்றல் மாறாது. இடத்தை நகர்த்தினால் மாறவில்லையென்றால் உந்தம் மாறாது. திசையைத் திருப்பினால் மாறவில்லையென்றால் கோண உந்தம் மாறாது. இதை மனப்பாடம் செய்வது எளிது, நம்புவது கடினம். காலத்துக்கும் ஆற்றலுக்கும் என்ன சம்பந்தம் என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை.

வகுப்பில் நான் சொல்வது மொட்டைமாடித் தொட்டிக் கணக்கு. 10 மீட்டர் உயரத்தில் தொட்டி. அதில் 1,000 லிட்டர், அதாவது 1,000 கிலோ தண்ணீர் ஏற்ற வேண்டும். புவியீர்ப்பு முடுக்கம் காலையில் 9 என்றும் மாலையில் 10 என்றும் மாறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தண்ணீரை ஏற்ற 90,000 ஜூல் போதும். மாலையில் அதே தண்ணீரைக் குழாய் வழியாக இறக்கி ஒரு டர்பைனைச் சுற்றினால் 1,00,000 ஜூல் கிடைக்கும். தினமும் 10,000 ஜூல் சும்மா. ஆற்றல் எங்கிருந்தோ முளைத்துவிட்டது. ஏன்? இயற்கையின் விதி காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருந்ததால். நிஜத்தில் அப்படி முளைப்பதில்லை, ஏனென்றால் விதி நேற்று இருந்த மாதிரியேதான் இன்றும் இருக்கிறது. அந்த மாறாமையின் மறுபக்கம்தான் ஆற்றல் மாறா விதி. தொட்டியில் நான் காட்டியது ஒரு பக்கம் மட்டும்: சமச்சீர்மை கெட்டால் விதி கெடும். எந்தச் சமச்சீர்மைக்கும் ஈடான அளவு என்ன, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பொதுவாக, ஒரே வீச்சில் நிறுவியது நோதர்.

உந்தத்தின் கதை இன்னும் சுருக்கம். லாக்ராஞ்சியனில் (மேலே சொன்ன அந்த ஆற்றல் வித்தியாசம்தான்) ஒரு ஆயத்தொலைவு இடம்பெறவே இல்லையென்றால், அதற்கான ஆய்லர்–லாக்ராஞ்ச் சமன்பாட்டின் வலப்பக்கம் பூஜ்யம். இடப்பக்கம் உந்தத்தின் கால வகைக்கெழு. ஒன்றின் வகைக்கெழு பூஜ்யமானால் அது மாறிலி. இந்தத் தனித்தனி நிலைமைகள் நோதருக்கு முன்பே தெரிந்தவைதான், லாக்ராஞ்சும் யாகோபியும் தொட்டவை. 1911-ல் ஹெர்க்லோட்ஸ் சிறப்புச் சார்பியலின் 10 சமச்சீர்மைகளுக்கு 10 மாறா அளவுகளை எழுதியிருந்தார். நோதர் வந்த பிறகுதான் இவையெல்லாம் ஒரே கிளையின் இலைகள் என்று தெரிந்தது.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகின்றன. எனக்கு இது வருத்தம், ஏனென்றால் கட்டுரையில் இரண்டு தேற்றங்கள் இருக்கின்றன. ஹில்பர்ட்டுக்கும் க்ளைனுக்கும் தேவைப்பட்டது இரண்டாவதுதான். முதல் தேற்றம் எண்ணி முடிக்கக்கூடிய அளவுருக்கள் உள்ள சமச்சீர்மைகளைப் பற்றியது: எத்தனை அளவுருவோ அத்தனை மாறா அளவு. பொதுச் சார்பியலில் அப்படி இல்லை. அங்கே ஆயங்களை, அதாவது இடத்தையும் காலத்தையும் குறிக்கும் அச்சுகளை, ஒவ்வொரு புள்ளியிலும் விருப்பம்போல் வளைக்கலாம். எனவே சமச்சீர்மையில் அளவுருக்களுக்குப் பதிலாக முழுச் சார்புகளே வந்து உட்காருகின்றன. அப்படிப்பட்ட கோட்பாட்டில் களச் சமன்பாடுகள் ஒன்றுக்கொன்று சுதந்திரமானவையாக இருக்காது, அவற்றுக்குள்ளேயே தொடர்புகள் இருக்கும் என்பது இரண்டாவது தேற்றம். ஐன்ஸ்டைனின் 10 சமன்பாடுகளுக்குள் அப்படி 4 தொடர்புகள் உண்டு. க்ளைனை உறுத்திய அந்த 'எப்போதும் உண்மையாகிவிடுகிற' ஆற்றல் விதி இதிலிருந்துதான் வருகிறது. பொதுச் சார்பியலில் பழைய பொருளிலான ஆற்றல் விதி கிடையாது, அதுதான் அக்கோட்பாட்டின் தனித்தன்மையே என்று ஹில்பர்ட் ஊகித்திருந்தார். நோதர் தன் கட்டுரையின் கடைசிப் பகுதியில் அதை நிறுவிக் காட்டினார்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். அண்டம் முழுக்க நிறைந்திருக்கும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அது புறப்பட்டபோது அதன் வெப்பநிலை ஏறத்தாழ 3,000 கெல்வின், இப்போது 2.7. வழியில் வெளி விரிந்ததால் ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் சுமார் 1,100-ல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. மீதி ஆற்றல் எங்கே போனது? எங்கும் போகவில்லை. விரிகிற அண்டம் நேற்று இருந்த மாதிரி இன்று இல்லை. காலத்தை நகர்த்தினால் மாறாமல் இருக்கும் என்ற சமச்சீர்மை அங்கே இல்லாதபோது, மொத்த ஆற்றல் மாறாமல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இப்படிப் பதில் சொல்ல நமக்குக் கற்றுக்கொடுத்தது 1918-ல் வந்த அந்தக் கட்டுரை. பின்னால் வந்த மின்காந்தம், வலுவிசை, மென்விசை எல்லாவற்றுக்குமான அளவைக் கோட்பாடுகளும் (சமச்சீர்மை உருமாற்றத்தைப் புள்ளிக்குப் புள்ளி வேறாகச் செய்யலாம் என்ற கோட்பாடுகள்) இந்த இரண்டாவது தேற்றத்தின் எல்லைக்குள் வருபவைதான்.

1918 ஜூலை 26 அன்று அந்தக் கட்டுரை கோட்டிங்கன் அறிவியல் கழகத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. சமர்ப்பித்தவர் க்ளைன். நோதர் உறுப்பினர் இல்லை. கடைசிவரை அவரை உறுப்பினராகச் சேர்க்கவும் இல்லை.

இப்போது சம்பள விஷயம். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் மட்டும் போதாது. 'ஹாபிலிடேஷன்' என்ற இன்னொரு படியைத் தாண்டினால்தான் சொந்தப் பெயரில் பாடம் நடத்தும் உரிமை வரும். அந்த உரிமைக்கும் சம்பளம் கிடையாது, மாணவர் கட்டும் கட்டணம்தான். பேராசிரியர் பதவிக்கான வரிசையில் நிற்க அது நுழைவுச் சீட்டு, அவ்வளவே. கோட்டிங்கன் இருந்த பிரஷ்ய மாநிலத்தில் 1908-ல் வந்த ஆணை இதைப் பெண்களுக்குத் தடை செய்திருந்தது. 1915-ல் நோதர் விண்ணப்பித்தபோது விதிவிலக்கு கேட்டுத்தான் கணிதத் துறை அமைச்சகத்துக்குப் போனது. மெய்யியல், வரலாறு, மொழியியல் பேராசிரியர்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு. போர்முனையிலிருந்து திரும்பும் வீரர்கள் ஒரு பெண்ணின் காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்பதா என்று ஒரு வாதம். இது பல்கலைக்கழகம், குளியல் கூடம் இல்லை என்று ஹில்பர்ட் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. எல்லோரும் ரசித்துச் சொல்கிற கதை. ஆனால் கவனியுங்கள், அந்தப் பதிலால் எதுவும் நடக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அமைச்சகத்திலிருந்து வந்த பதில் எனக்கு அந்தக் கதையைவிட முக்கியமாகப் படுகிறது. இங்கே அனுமதிக்காவிட்டால் நோதர் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போய்விடுவார் என்று கோட்டிங்கன் கவலை தெரிவித்திருந்தது. அந்தக் கவலை வேண்டாம், அங்கேயும் இதே விதிதான், அங்கும் அவருக்கு உரிமை தரப்படாது என்று அமைச்சகம் ஆறுதல் சொன்னது. ஒருவரை இழந்துவிடக் கூடாது என்பதற்கு அதிகாரிகள் கண்ட தீர்வு, எல்லா வாசலையும் ஒரே மாதிரி சாத்தி வைப்பது.

ஆகவே கோட்டிங்கனில் நோதர் நடத்திய வகுப்புகள் ஹில்பர்ட் பெயரில் அறிவிக்கப்பட்டன. 1916–17 குளிர்காலப் பருவத்தின் அறிவிப்பில் இப்படி இருக்கிறது: கணித–இயற்பியல் கருத்தரங்கு, பேராசிரியர் ஹில்பர்ட், உதவி முனைவர் நோதர், திங்கள் 4 முதல் 6 வரை, கட்டணம் இல்லை. பாடம் நடத்தியவர் 'உதவி'. அந்தக் 'கட்டணம் இல்லை' என்பதற்கு அர்த்தம், அவருக்கு ஒரு காசும் வராது.

1918 டிசம்பரில் ஐன்ஸ்டைன் க்ளைனுக்கு எழுதினார்: நோதரின் புதிய கட்டுரையைப் பார்த்ததும், அவருக்குக் கற்பிக்கும் உரிமை மறுக்கப்படுவது பெரிய அநீதி என்று மறுபடியும் தோன்றுகிறது, அமைச்சகத்தில் இதை வலுவாக எடுத்துச் செல்ல வேண்டும் என்று. அதற்குள் நவம்பர் புரட்சி நடந்து, கைசர் போய், ஜெர்மனி குடியரசாகியிருந்தது. பெண்களுக்கு வாக்குரிமையும் வந்தது. 1919-ல் நோதருக்கு ஹாபிலிடேஷன் கிடைத்தது. சமர்ப்பித்தது அதே 1918 கட்டுரை. நான்கு வருஷத்தில் அவருடைய திறமை ஒன்றும் திடீரென்று கூடிவிடவில்லை. கூடியிருந்தாலும் அந்தக் காரணத்துக்காகக் கிடைக்கவில்லை.

1922-ல் பேராசிரியர் என்ற பட்டம் தந்தார்கள், அரசு ஊழியர் அந்தஸ்து இல்லாமல், சம்பளம் இல்லாமல். 1923-ல் இயற்கணிதம் கற்பிக்கச் சிறு தொகை ஒன்று ஒதுக்கப்பட்டது. ஜெர்மன் பணம் மதிப்பிழந்து காகிதமான வருஷம் அது. அப்போது அவருக்கு வயது 41. முனைவர் பட்டம் வாங்கிப் பதினைந்து வருஷம் தாண்டியிருந்தது.

இதே வருஷங்களில்தான் அவர் இயற்கணிதத்தையே திருப்பிப் போட்டார். 1921-ல் வளையங்களின் (முழு எண்களைப் போலக் கூட்டவும் பெருக்கவும் முடிகிற அமைப்புகள்) ஐடியல்களைப் பற்றி (அவற்றுக்குள் இருக்கும் ஒருவகை உட்கணங்கள்) எழுதிய கட்டுரையில், ஏறிக்கொண்டே போகும் ஐடியல் சங்கிலி எங்கேயாவது ஒரு இடத்தில் நின்றுவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை வைத்துக்கொண்டு, அதுவரை தனித்தனியாக நிறுவப்பட்ட பல முடிவுகளை ஒன்றாக்கிக் காட்டினார். கணிதம் படிப்பவர்கள் 'நோதரிய வளையம்' என்று சொல்வது இதைத்தான். ஃபான் டெர் வார்டன் இவரிடமும் எமில் ஆர்ட்டினிடமும் கேட்ட பாடங்களைக் கொண்டுதான் 1930–31-ல் தன் நவீன இயற்கணிதப் புத்தகத்தை எழுதினார். கோட்டிங்கனில் இவரிடம் முனைவர் பட்டம் பெற்ற கிரேட்டே ஹெர்மன் பிறகு குவாண்டம் இயக்கவியலுக்குப் போய், 1935-ல் ஃபான் நாய்மனின் ஒரு புகழ்பெற்ற நிறுவலில் இருந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1960-களில் ஜான் பெல் அதே இடத்தைத் தொட்ட பிறகுதான் விஷயம் பரவலாகத் தெரிந்தது. ஒருவரை அரங்கத்துக்குள் விடுவது மட்டும் போதாது, அவர் சொல்வதைக் கேட்கவும் வேண்டும் என்பதற்கு இவர் கதை தனியாக எழுதப்பட வேண்டியது.

1932-ல் சூரிச்சில் நடந்த அனைத்துலகக் கணித மாநாட்டில் முழு அவை உரை நிகழ்த்திய முதல் பெண் நோதர். அடுத்த ஏப்ரலில் நாஜிகளின் அரசுப் பணிச் சட்டம் வந்தது. யூதர் என்பதால் கோட்டிங்கனிலிருந்து முதலில் நிறுத்தப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அன்றைக்கும் அவர் முழுப் பேராசிரியர் ஆகியிருக்கவில்லை. தன்னைவிடப் பல விதத்திலும் உயர்ந்த கணிதவியலாளர் என்று தெரிந்தும் அவருக்கு மேலான பதவியில் தான் உட்கார்ந்திருப்பதை நினைத்து வெட்கப்பட்டதாக, கோட்டிங்கனில் அவருடன் பணியாற்றிய கணிதவியலாளர் ஹெர்மன் வைல் பிறகு அஞ்சலி உரையில் சொன்னார். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் உள்ள ப்ரின் மார் பெண்கள் கல்லூரி இடம் தந்தது. 1934 முதல் வாரம் ஒருமுறை பிரின்ஸ்டனுக்குப் போய் உயர் ஆய்வு நிறுவனத்தில் சொற்பொழிவாற்றினார். அதே ஊரின் பல்கலைக்கழகம் இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்தது 1969-ல்தான். 1935 ஏப்ரல் 14 அன்று, கட்டி நீக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, 53 வயதில் இறந்தார்.

"அது அந்தக் காலம்" என்று சொல்லத் தோன்றும். கோட்டிங்கனிலேயே 1930-ல் முனைவர் பட்டம் பெற்ற மரியா கோப்பர்ட் மேயரைப் பாருங்கள். கணவருடன் அமெரிக்கா போனார். கணவர் வேலை பார்க்கும் இடத்தில் மனைவிக்கு வேலை தருவதில்லை என்ற வழக்கத்தால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கொலம்பியா, சிகாகோ என்று ஊர் ஊராகப் பல வருஷம் சம்பளமில்லாத பதவிகளில் இருந்தார். அணுக்கருவின் கூடு மாதிரியை உருவாக்கியது அப்படியொரு நிலையில்தான். முழுச் சம்பளத்துடன் பேராசிரியர் ஆனது 1960-ல். 1963-ல் நோபல். அந்த வருஷப் பரிசின் மறுபாதி போனது யூஜின் விக்னருக்கு, அணுக்கரு இயற்பியலில் சமச்சீர்மைக் கோட்பாடுகளைப் பயன்படுத்தியதற்காக! இயற்பியல் நோபலில் மேரி கியூரிக்குப் பிறகு இரண்டாவது பெண் இவர், மூன்றாவது பெண் வந்தது 2018-ல். கணிதத்தில் ஃபீல்ட்ஸ் பதக்கம் முதன்முதலில் ஒரு பெண்ணுக்குப் போனது 2014-ல், ஏபல் பரிசு 2019-ல். அந்த ஏபல் பரிசைப் பெற்ற கேரன் உலன்பெக்கின் முக்கியமான ஆய்வு அளவைக் கோட்பாட்டுச் சமன்பாடுகளைப் பற்றியது.

நம் பக்கத்துக்கும் இந்தக் கதையில் நேரான ஓர் இழை உண்டு. நோதர், பிரவுவர், ஹாஸ்ஸே மூவரும் 1932-ல் வெளியிட்ட தேற்றம் எண் களங்களின் மேல் அமையும் ஒருவகை இயற்கணிதங்களைப் பற்றியது. அந்தத் தோட்டத்திலேயே வாழ்நாள் முழுக்க உழைத்தவர் தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்த ராமன் பரிமளா. 2010-ல் ஹைதராபாத்தில் நடந்த அனைத்துலகக் கணித மாநாட்டில் முழு அவை உரை நிகழ்த்தினார். 2013-ல் நோதர் பெயரிலேயே அமெரிக்காவில் நடக்கும் ஆண்டுச் சொற்பொழிவை ஆற்றியவரும் அவர்தான்.

அப்புறம், தேற்றத்தைப் படித்தாகிவிட்டது என்கிறீர்களே, ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சூரியனைச் சுற்றும் ஒரு கோள். காலச் சமச்சீர்மையால் ஆற்றல், சுழற்சிச் சமச்சீர்மையால் கோண உந்தம். இவை இரண்டும் நீள்வட்டத்தின் அளவையும், அது கிடக்கும் தளத்தையும் முடிவு செய்துவிடும். ஆனால் நீள்வட்டத்தின் நீண்ட அச்சு அந்தத் தளத்துக்குள் திரும்பிக்கொண்டே போகாமல் ஒரே திசையில் ஏன் நிற்கிறது? இவை இரண்டாலும் அதற்குப் பதில் கிடைக்காது. லாப்லாஸ்–ருங்கே–லென்ஸ் வெக்டர் என்ற மூன்றாவது மாறா அளவு ஒன்று இருக்கிறது. நோதர் வழியில் பார்த்தால் அதற்குப் பின்னாலும் ஒரு சமச்சீர்மை இருக்க வேண்டும். முப்பரிமாணத்தில் தேடினால் அது கண்ணில் படாது, நான்கு பரிமாணச் சுழற்சிகளில் தேடுங்கள். ஈர்ப்பு விசையின் அடுக்கை 2-லிருந்து கொஞ்சம் மாற்றிவிட்டால் அந்தச் சமச்சீர்மைக்கு என்ன ஆகிறது, அச்சுக்கு என்ன ஆகிறது என்பதையும் சேர்த்தே போடுங்கள்.